திரையில் வந்த பேர்

வெட்கப்பட்டால்தான் புத்தி வரும் என்பது அருணகிரியின் கட்சி. கோவையில் கல்யாண மண்டபங்களைப் பதிவு செய்யும் இணையதளம் ஒன்றை நடத்தும் கம்பெனிக்கு அவர்தான் தலைமை. ஒருநாள் தளம் பாதியில் நின்றுபோனது. தளத்துக்கு நிரல் எழுதப் புதிதாகச் சேர்ந்த செவ்வந்தியை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டினார்.

"இனிமே தப்பு வந்தா, அந்த வரிய எழுதினவங்க பேரு திரையிலயே வரணும். நாளைக்குள்ள செஞ்சு முடி."

"எல்லார் பேரும் வரணுங்களா சார்?"

"எங்கப்பனே எழுதியிருந்தாலும் வரணும்."

மறுநாள் மண்டப உரிமையாளர்கள் தளத்தைப் பார்க்க வந்தார்கள். அருணகிரியே உட்கார்ந்து முகூர்த்த நாளைத் தேர்ந்தெடுத்தார். அவசரத்தில் மணமகள் பெயரை நிரப்பாமல் பொத்தானை அழுத்திவிட்டார். தளம் படுத்துவிட்டது. பெரிய திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'தவறு செய்தவர்: அருணகிரி.'

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவருக்குக் காது மடல்வரை சுட்டது. ஆரம்ப காலத்தில் அவரே எழுதிய வரி அது. நேற்று செவ்வந்தி திட்டு வாங்கியதும் இதே தப்புக்குத்தான்.

அவள் பக்கம் குனிந்து, "எடுத்துரும்மா" என்று முணுமுணுத்தார்.

"எதைங்க சார்? தப்பையா, பேரையா?"

அவர் நாக்கு நுனிவரை வந்தது 'பேரை' என்பதுதான். அதை நினைத்தால் அவருக்கு இன்னும் தலை நிமிர்வதில்லை.