மூக்கு செத்த செம்பி

சுனையோரத்துப் புல்வெளியில் புள்ளிமான்கள் கூட்டமாக வாழ்ந்தன. தாய்மான்கள் மேயப் போகும்போது குட்டிகளை உயரமான புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுப் போகும். குட்டிகளுக்கு ஒரே கட்டளைதான். தாய் வந்து மூக்கால் தொடும்வரை அசையக் கூடாது, கத்தக் கூடாது. அசைந்தால் சிறுத்தை பார்த்துவிடும்.

மேய்ந்து திரும்பியதும் தாய்மான்கள் புல்லுக்குள் முகர்ந்துகொண்டே போகும். தன் குட்டியின் வாசனை வந்ததும் தொட்டு எழுப்பிப் பால் கொடுக்கும்.

அந்தக் கோடையில் மூங்கில் காடு பற்றி எரிந்தது. மற்ற மான்கள் முன்னாலேயே ஓடிவிட்டன. செம்பி என்ற தாய்மான் மட்டும் புகைக்குள் மாட்டிக்கொண்டது. இருமி இருமி எப்படியோ வெளியே வந்தது. உயிர் பிழைத்தது. ஆனால் மூக்கில் ஒரு வாசனையும் ஏறவில்லை. ஈர மண்ணை முகர்ந்தது. இலுப்பைப் பூவை முகர்ந்தது. இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன.

'பெற்ற பிள்ளையைத் தெரியாதவள் என்று கூட்டமே சிரிக்குமே!' என்று செம்பி பயந்தது. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை முகர்வதுபோல் நடித்து, வழியோரம் கிடந்த ஒரு குட்டியைத் தொட்டது. அது துள்ளி எழுந்து மடியை முட்டி முட்டிக் குடித்தது. 'என் குட்டிதான்' என்று செம்பி மனத்தைத் தேற்றிக்கொண்டது. மறுநாளும் அப்படியே செய்தது. அதற்கு மறுநாளும்.

சடைவாலி என்ற மான் புலம்பியது. "என் பிள்ளை பாலே வேண்டாம் என்கிறான்! வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது. எனக்கு மடி கட்டிக்கொண்டு உயிர் போகிறது!"

"புல் தின்னப் பழகிவிட்டானோ என்னவோ!" என்றது இன்னொரு மான்.

"பால்குடி மறக்காதவன் புல்லைத் தின்கிறானாம்! போடி அங்கே!"

எல்லா மான்களும் சிரித்தன. செம்பி மட்டும் யோசித்தது. சடைவாலியின் குட்டிக்கு வயிறு நிறைந்திருக்கிறது என்றால், தன் குட்டி?

மரத்தில் இருந்த குரங்கிடம் ரகசியமாக ஓடியது. "அண்ணே! மேலேயிருந்து பார்த்துச் சொல்லேன். இதில் என் குட்டி எது?"

"பெற்றவள் நீ, என்னிடம் கேட்கிறாயே! சரி, அடையாளம் சொல். முதுகுப் புள்ளி எப்படி இருக்கும்? காது எப்படி இருக்கும்?"

"அதையெல்லாம் நான் கவனித்ததே இல்லையே அண்ணே! முகர்ந்துதான் இருக்கிறேன்!"

"அப்படியானால் போய் முகர்!" என்று குரங்கு பல்லை இளித்தது.

செம்பி திரும்பியது. வெட்கம் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கும். பச்சைக் குழந்தை பசி தாங்குமா?

கூட்டத்தின் நடுவே போய் நின்றது. "அக்கா, தங்கச்சி, எல்லாரும் கேளுங்கள்! புகையில் என் மூக்கு செத்துப்போய்விட்டது. என் குட்டி எது என்று எனக்குத் தெரியவில்லை. சடைவாலி அக்கா, உன் பிள்ளைக்குப் பால் கொடுத்தது நான்தான்!"

"அடிப்பாவி! இத்தனை நாள் சொல்லாமலா இருந்தாய்?" என்று சடைவாலி சீறியது.

"அப்புறம் திட்டு அக்கா. முதலில் அவரவர் குட்டியை எழுப்பிக்கொண்டு போங்கள். மிச்சம் கிடப்பது என் குட்டி!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தாய்மான்கள் அவசரமாக முகர்ந்து, தங்கள் குட்டிகளை எழுப்பிக்கொண்டு விலகின.

பாறையோரம் ஒரு குட்டி மிஞ்சியது. கட்டளைப்படி அசையாமல் கிடந்தது. இனி அசையவும் அதற்குத் தெம்பில்லை. கண்ணோரம் ஈ மொய்த்தது. செம்பி பழக்கத்தில் மூக்கை வைத்தது. எந்த வாசனையும் வரவில்லை. ஆனாலும் மூக்கை எடுக்கவில்லை. குட்டியால் எழ முடியாததால், தானே பக்கத்தில் படுத்து மடியை அதன் வாயருகே கொண்டுபோனது.

நெடுநேரம் கழித்துக் குட்டி மெல்லச் சப்பியது. பிறகு கேட்டது. "அம்மா, நீ பக்கத்தில் வந்து வந்து போனாயே! ஏன் என்னைத் தொடவில்லை?"

செம்பி அதன் கண்ணோரத்து ஈக்களை விரட்டி, முகத்தை நக்கியது.

குட்டி பிழைத்தது. ஆனால் அதன் பின்னங்கால்கள் கடைசிவரை வலுக்கவில்லை. கூட்டம் ஓடும்போதெல்லாம் அது பின்தங்கியது. செம்பியும் அதன் கூடவே பின்தங்கி நடந்தது.

நமக்கு வந்த குறையை வெட்கப்பட்டு மறைத்தால், அதன் துன்பம் நம்மை நம்பிக் கிடக்கிற உயிரைத்தான் போய்ச் சேரும்.