முயல் எடுத்த களை

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில், சும்மா இருக்கத் தெரியாத முயல் ஒன்று வாழ்ந்தது. விடிந்தால் வாசலைப் பெருக்கும். பெருக்கி முடித்தால் வேலியைச் சரிசெய்யும். வேலி சரியாகவே இருந்தால், அதைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டும்.

அதன் வளைக்கு மேலே ஒரு நாவல் மரம். மரத்தின் தாழ்ந்த கிளையில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. அந்தக் கூடு இருந்ததால்தான் முயலின் மூன்று குட்டிகளும் உயிரோடு இருந்தன. ஒருமுறை குட்டிகளைத் தேடி வந்த நரி, தேனீக்களிடம் கொட்டு வாங்கி, மூக்கு வீங்கிப் பத்து நாள் கிடந்தது. அதன் பிறகு அது முயலின் முற்றத்து ஓரத்தில் இருந்த எறும்புப் புற்றுக்கு அப்பால் நின்றுதான் பேசும். மிகவும் மரியாதையாகப் பேசும்.

அந்த ஆண்டு ஆடி வெள்ளத்தில் கரையோரத்து இலந்தை மரங்கள் வேரோடு போயின. மழைக்காலத்தில் தேனீக்கள் அந்தப் பூவை நம்பித்தான் இருந்தன. ஒரு தேனீ இறங்கி வந்து முயலிடம் விஷயத்தைச் சொன்னது.

"வீட்டுக்காரம்மா, உங்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஐப்பசிக்குள் பக்கத்தில் எங்காவது பூ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் வேறு மரம் பார்க்க வேண்டியதுதான்."

முயல் பயந்துபோனது. உடனே வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த முள்ளம்பன்றியிடம் ஓடியது. முள்ளம்பன்றியின் முற்றத்தில் ஆண்டுதோறும் மழைக்குப் பின் தும்பையும் காசித்தும்பையும் பூப்பதை அது பார்த்திருக்கிறது. மற்ற நாட்களில் அந்த முற்றம் பார்க்கச் சகிக்காது. காய்ந்த தண்டுகள் நின்றது நின்றபடி நிற்கும். முள்ளம்பன்றி அவற்றின் நடுவே படுத்துத் தூங்கும்.

முள்ளம்பன்றி எழுந்து சோம்பல் முறித்தது. காய்ந்த தண்டுகளை உதறி, இரண்டு கை விதை கொடுத்தது. விதையை மணலோடு கலந்து தூவ வேண்டும், மேலே மண் போட்டு மூடக் கூடாது, காலால் லேசாக மிதித்துவிட்டால் போதும் என்றது.

"அப்புறம் என்ன செய்ய வேண்டும், அண்ணா?" என்று கேட்டது முயல்.

"அப்புறம் சும்மா இரு."

"எருப் போட வேண்டாமா?"

"வேண்டாம். காட்டுச் செடிக்கு அது ஆகாது. பூக்காமல் வெறும் தழையாகப் போய்விடும். சும்மா இரு, முயலம்மா."

சோம்பேறியிடம் யோசனை கேட்டால் வேறென்ன கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே முயல் வீடு திரும்பியது.

ஆவணியின் முதல் மழை பெய்தது. முயல் தன் முற்றத்து மண்ணை மூன்று முறை ஆழமாகக் கிளறியது. விதையைத் தூவியது. பிறகு மான் புழுக்கையைப் பொறுக்கி வந்து இரண்டு முறை எருவாகப் போட்டது. இவ்வளவும் செய்த பிறகுதான் அதற்கு மூச்சே வந்தது.

பத்தாம் நாள் முற்றம் முழுவதும் பச்சையாக இருந்தது. ஆனால் முளைத்தவற்றில் இரண்டு வகை இருந்தன. ஒன்று ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், வரிசை வைத்தது போல நெருக்கமாக வந்திருந்தது. இன்னொன்று இங்கே இரண்டு, அங்கே நான்கு என்று கோணலும் மாணலுமாக, சின்னச் சின்ன இலைகளோடு எட்டிப் பார்த்தது. எது தூவியது, எது தானாக வந்தது என்று முயலுக்குத் தெரியவில்லை.

முள்ளம்பன்றியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அது சும்மா இருக்கச் சொல்லும்.

எறும்புப் புற்றுக்கு அப்பால் நரி நின்றுகொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, யோசனை?" என்றது நரி.

முயல் தன் குழப்பத்தைச் சொன்னது. நரி கழுத்தை நீட்டி முற்றத்தை வெகுநேரம் பார்த்தது.

"எனக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒன்று மட்டும் கேட்கிறேன். விதையை நீ எப்படித் தூவினாய்?"

"ஒரே சீராகத்தான் தூவினேன். அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது."

"குறை சொல்வேனா? உன் கையைப் பற்றித் தெரியாதா? அப்படியானால், இப்போது சீராக முளைத்திருப்பது எது?"

இதற்கு மேல் நரி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

முயல் அன்றைக்கே குனிந்து கோணல் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தது. மூன்று நாள் பிடுங்கியது. ஒன்றைக்கூட விடவில்லை. வேரோடு எடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளம்பன்றியின் குப்பைமேட்டில் வீசியது. என்ன செய்கிறாய் என்று முள்ளம்பன்றி ஒற்றைக் கண்ணைத் திறந்து கேட்டது. களை எடுப்பதாக முயல் பெருமையோடு சொன்னது. முள்ளம்பன்றி கண்ணை மூடிக்கொண்டது.

முற்றத்தில் மிஞ்சியது கோரையும் காட்டுப் புல்லும். மண்ணுக்குள் ஆழத்தில் கிடந்த அந்த விதைகளை மூன்று முறை கிளறி மேலே கொண்டுவந்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். எருவையும் தின்று அந்தப் புல் தளதளவென்று வளர்ந்தது. புரட்டாசியில் முயலின் காது உயரத்துக்கு வந்தது. பிறகு முயலையே காணவில்லை.

நரி தினமும் வந்து பாராட்டியது. இப்படிப்பட்ட செழிப்பை இந்தக் காட்டில் எங்கும் பார்த்ததில்லை என்றது. அது உண்மைதான். பூக்கும் சமயத்தில் கத்தரித்துவிடாதே என்றும் அக்கறையோடு சொன்னது. முயலும் கத்தரிக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. தேனீ இறங்கி வந்து, புல்லுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றியது. பூ எங்கே என்று கேட்டது. வரும் என்றது முயல். இது புல்லாயிற்றே என்றது தேனீ. முயலுக்குக் கோபம் வந்துவிட்டது. பாடுபட்டு வளர்த்தவளுக்குத் தெரியாதது, பறந்து போகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டது.

தேனீ கூட்டுக்குத் திரும்பிப் பறந்தது. மறுநாள் காலையில் கூடு காலியாக இருந்தது.

கடைசித் தேனீக்கள் வேலியைத் தாண்டிப் போவதைப் பார்த்த முயல், தன் வீட்டில் இருந்தவர்களை முள்ளம்பன்றி ஆசை காட்டி இழுத்துக்கொண்டது என்று சண்டை போடக் கிளம்பியது. வேலியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. குப்பைமேடு முழுவதும் வெள்ளை வெளேரென்று தும்பை. ஓரத்தில் காசித்தும்பை. பூவுக்கு ஒரு தேனீ.

"அண்ணா, இவ்வளவு நல்ல செடிகளை எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டது முயல். சண்டை அதற்கு மறந்தே போனது.

"நான் எங்கே பிடித்தேன்? ஆவணியில் நீ வீசியதுதான். அன்று மாலையே மழை பெய்தது. வேர் பிடித்துக்கொண்டது. நான் சும்மாதான் இருந்தேன்."

"நான் வீசும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"களை எடுப்பதாகச் சொன்னாயே. இவ்வளவு சுறுசுறுப்பானவள் தெரியாமலா செய்வாள் என்று நினைத்தேன்."

முயல் தன் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தது. காற்று இல்லை. ஆனால் புல் அசைந்தது. எறும்புப் புற்றிலிருந்து வளையை நோக்கி ஒரு கோடு மெதுவாக நகர்ந்து வந்தது. நரியின் முதுகு தெரியவில்லை. வால்கூடத் தெரியவில்லை. அவ்வளவு நல்ல புல்.

முயலின் வளைக்குப் பின்பக்கம் ஒரு வழி உண்டு. அது இல்லாமல் எந்த முயலும் வளை தோண்டாது. முயல் அதன் வழியே உள்ளே பாய்ந்தது. ஒரு குட்டியைக் கவ்வி, மற்ற இரண்டையும் முன்னே தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே துரத்தி வந்த நரி வேலியருகே நிற்க வேண்டியதாயிற்று. அங்கே முள்ளம்பன்றி முதுகைக் காட்டிக்கொண்டு, முள்ளைச் சிலிர்த்து உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் தேனீக்களின் இரைச்சல் கேட்டது.

"எதற்கு ஓடுகிறாய், தங்கச்சி? பூத்துவிட்டதா என்று பார்க்கத்தான் வந்தேன்" என்றது நரி.

முயல் குட்டிகளை முள்ளம்பன்றிக்குப் பின்னால் தள்ளியது.

குட்டிகள் பிழைத்தன. வீடு போனது. நாவல் மரத்தடியில் நரி குடியேறியது. மறைந்து படுக்க அதைவிட நல்ல இடம் காட்டில் இல்லை. முயல் குட்டிகளோடு முள்ளம்பன்றியின் பின்கட்டில் ஒதுங்கிக்கொண்டது. செடிகள் பூத்தன, காய்த்தன, காய்ந்து நின்றன. முள்ளம்பன்றி அவற்றைத் தொடவில்லை.

அடுத்த ஆவணியில் மழை பெய்து பத்தாம் நாள், யாரும் தூவாமலே முள்ளம்பன்றியின் முற்றம் பச்சையானது. கோணலும் மாணலுமாக, இங்கே இரண்டு, அங்கே நான்கு. வேலிக்கு அப்பாலிருந்து நரி மரியாதையாகக் கூப்பிட்டது.

"தங்கச்சி, நீ போன பிறகு புல் மெலிந்துவிட்டது. நடுவில் கோணல் செடி வேறு முளைக்கிறது. ஒரு நாள் வந்து களை எடுத்துத் தர முடியுமா? உன் கை மாதிரி வராது."

முயல் தன் முன்னங்கால்கள் இரண்டையும் வயிற்றுக்கு அடியில் மடித்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டது. அதன் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான வேலையை அது செய்ததே இல்லை.

நீதி: எது செடி, எது களை என்று தெரியும் வரை கையை வைக்காமல் இருப்பதும் உழைப்புதான்.