பொதுக் கயிற்றில் ஒரு பொய் ஓலை

ஐம்பத்தாறு தேசங்களிலும் மக்களாட்சி எப்படி நடக்கிறது என்று அளப்பதற்கு ஒரு சபை இருந்தது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அதன் அளவர் நாடு நாடாகப் போவார். முதலில் நிற்கும் நாட்டுக்கு வெண்கொடி கொடுப்பார். கடந்த இரண்டு முறையும் கொடி புன்னைநாட்டுக்கே போயிருந்தது. பக்கத்து மருங்கைநாட்டுத் தலைவர் மருதப்பனுக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், புன்னைத் தலைவி அழகுநாச்சியின் பெயரைக் கேட்டாலே அவருக்குச் சோறு இறங்காது.

அவர் நாட்டுக்கு என்ன குறைச்சல்? தேர்தல் என்றால் ஒரு வீடு பாக்கியில்லாமல் குடத்தில் ஓலை போடும். அத்தனையும் அவர் பெயருக்கே விழும். தலைவர்மேல் குறை இருந்தால் எழுதிக் கட்டுவதற்கென்று எல்லா நாட்டுச் சந்தையிலும் ஒரு பொதுக் கயிறு உண்டு. மருங்கையில் அந்தக் கயிறு வாங்கிய அன்று இருந்தது போலவே வெறுங்கயிறாக இருந்தது. புன்னையிலோ பாதிப் பேர்தான் ஓலை போட்டார்கள். அழகுநாச்சி பதினொரு ஓலை வித்தியாசத்தில் தேர்தலில் தப்பிப் பிழைத்தவள். அங்கே கயிறு குறையோலைகளின் பாரத்தில் தரையைத் தொட்டது.

"இவளுக்குப் போய்க் கொடியா!" என்று பொருமினார் மருதப்பன். இம்முறை அளவர் வருவதற்கு முதல்நாள், யாரையும் நம்பாமல் தானே வியாபாரி வேடத்தில் புன்னைக்குப் போனார். 'தலைவி கோயில் நெல்லைத் திருடினாள்' என்று ஒரு முழுப் பொய்யை எழுதிக் கயிற்றில் கட்டினார். எழுத்தாணி கொடுத்து உதவியவள் பக்கத்துப் பூக்காரி.

"மேல தூக்கிக் கட்டுங்கண்ணே, மாடு தின்னுடும்" என்றாள்.

கூட்டத்தில் ஒதுங்கி நின்று பார்த்தார். சற்றைக்கெல்லாம் அழகுநாச்சியே வந்து ஓலையைப் படித்தாள். "கழட்டிடவா ஆச்சி? நாளைக்கு அளவர் வர்றாரு" என்றான் காவலன்.

"என்மேல வந்த ஓலைய நானே கழட்டச் சொன்னா நல்லாவா இருக்கும்? விசாரிக்கட்டும்."

'தொலைந்தாள்' என்று துள்ளிக்கொண்டு வீடு திரும்பினார் மருதப்பன்.

அளவர் திருமேனி புன்னையை முடித்துக்கொண்டு மருங்கைக்கு வந்தார். "தலைவர்மேல குறை ஏதும் உண்டாம்மா?" என்று ஒரு மீன்காரியிடம் கேட்டார். அவள் கூடவே நின்ற மருதப்பன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, "எங்களுக்கென்ன குறை சாமி" என்றாள். மருதப்பன் பூரித்துப்போனார்.

கடைசியில் போட்டியில் மிஞ்சிய மருதப்பனையும் அழகுநாச்சியையும் அளவர் எதிரே உட்கார வைத்தார். ஓலைகளை எண்ணிய கணக்குப்படி மருங்கைக்கு நூறு மதிப்பெண், புன்னைக்கு அறுபது. "நெல்லு விஷயத்தை விசாரிச்சாச்சு. ஒரு மணி குறையல. அந்த ஓலை பொய்" என்றார்.

அவள் நல்ல பெயரோடு தப்புவதா? மருதப்பனுக்குத் தாங்கவில்லை. "ஐயா, எவன் வேணும்னாலும் வரலாம், தலைவி மேலயே பொய் எழுதிக் கட்டலாம், பூக்காரிகிட்ட எழுத்தாணியத் திருப்பிக் குடுத்துட்டுப் பத்திரமா வீடு போய்ச் சேரலாம்! கேக்க ஒரு நாதியில்ல. இதுக்குப் பேரு ஆட்சியா?"

அளவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடியைக் கையில் எடுத்தார்.

கதை கேட்டவர்களே, நூறு வாங்கிய மருங்கையா, அறுபது வாங்கிய புன்னையா? கொடியை யாருக்குக் கொடுப்பது சரி?

விடை: புன்னைக்கே. குறையோலைகளை எண்ணிப் பார்த்தால், வாய் திறக்கப் பயப்படாதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் தெரியும். பயமில்லாத நாடு எது என்பதற்கு மருதப்பன் வாயாலேயே சாட்சி வந்துவிட்டது. தோற்றுத் திரும்பியவரை மருங்கைச் சந்தையே சூழ்ந்துகொண்டு, "அநியாயம் தலைவரே!" என்று அழுதது. மெய்யாகத்தான் அழுகிறார்களா என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழியும் இல்லை. அழகுநாச்சி வாங்குகிற வசவின்மேல் அவருக்குப் பொறாமை வந்தது அன்றைக்குத்தான்.