வெள்ளறுகு பூசுன ஆடு

ஒரு கரிசக்காட்டு ஊர்ல மாடத்தின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்குன்னு இருந்தது ஒரே ஒரு ஆடு. பேரு மொச்சை. நெறமாசச் சினை. காலைப் போர்வைக்குள்ள வை கண்ணு, கொசு கடிக்கும். ம் சொல்லு.

ம்.

ஒரு நாள், குளத்தங்கரையில குடியிருந்த ஒரு பூதம் வந்து, "ஆத்தா, நாளைக்கு மத்தியானம் உன் ஆட்டைத் திங்க வருவேன்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. மாடத்தி ஆட்டைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அப்புறம் யோசிச்சா. குளத்தோரமெல்லாம் வெள்ளறுகுச் செடி. ஒரு இலையைக் கிள்ளி வாயில வச்சா மூணு நாளைக்குக் கசக்கும். ஒரு கூடை பறிச்சா. அம்மியில கரகரன்னு அரைச்சா. ஆட்டுக்குக் கொம்புல இருந்து வால் வரைக்கும் பூசிட்டா.

அப்புறம் பூதம் வந்துச்சு, திம் திம்னு. காதை நக்குச்சு. "த்தூ, கசக்கு." முதுகை நக்குச்சு. "த்தூ, இங்கயும் கசக்கு." வாலை நக்குச்சு. "த்தூ, த்தூ. இதைப் பாவக்காய் போட்டா வளத்த?"

"அது பொறப்பே அப்படி. நீ கெளம்பு"ன்னா மாடத்தி.

ஆனா ஒண்ணை மறந்துட்டா. வெள்ளறுகு பசியைக் கெளப்புற பச்சிலை. சாப்பிட மாட்டேங்கிற பிள்ளைகளுக்கு அவளேதான் அரைச்சுக் குடுப்பா. பூதத்து வயிறு கடகட குடுகுடுன்னுச்சு.

"ஆத்தா, இப்படி எனக்குப் பசிச்சதே இல்லை. கசந்தாலும் பரவாயில்லை, ஆட்டைக் குடு."

மாடத்தி ஆட்டுக்கு முன்னால போய் நின்னுக்கிட்டா. "இருய்யா, வெறும் வயித்துல ஆடு செரிக்குமா?"ன்னு, ஊர்க் காட்டுல களையெடுக்கிற ஆளுகளுக்குக் கூலிக்குக் காய்ச்சுன கம்பங்கூழை ஒரு பானை நீட்டுனா. மடக் மடக். அப்புறம் ரெண்டாம் பானை. அப்புறம் மூணாம் பானை. ஏவ்வ்வ்.

பூதம் பானையை வழிச்சு நக்குச்சு. இத்தனை நாளும் பசிக்காமலே தின்னு தின்னு, ருசின்னா என்னன்னே அதுக்குத் தெரியாது, பாத்துக்க.

"கூழு தேனா இனிக்கு ஆத்தா. ஆடு வேண்டாம். நாளைக்கும் கூழ் தருவியா?"

"தர்றேன். களையெடுக்க வந்தவங்களுக்கு இப்போ நான் என்னத்த ஊத்த? எடு உலக்கையை."

தொம், தொம், தொம். பூதம் கம்பு இடிச்சுது, ஊரே ஆடுச்சு. தூங்கிட்டியா?

ம்ம்.

மறுநா விடிய மொச்சை ரெண்டு குட்டி போட்டுச்சு. பூதம் மல்லாந்து படுத்திருக்கு. குட்டி ரெண்டும் அது தொந்தி மேல ஏறித் தாவுது, தாவுது. எங்க விழுந்துருமோன்னு பூதம் மூச்சைப் புடிச்சுக்கிட்டு அசையாமக் கெடக்கு.

ம் காணோம். சரி, கதையும் கண்ணை மூடிருச்சு. தூங்கு கண்ணு.