பீடத்தடி அரிசி

குளத்தங்கரை வேதக்கோயிலில், பிரசங்க பீடத்துக்கு அடியில் ஓர் எலி குடியிருந்தது. அதன் பெயர் மாசிலாமணி. ஆனால் குளத்துப் பிராணிகள் எல்லாம் அதை ‘உபதேசியார்’ என்றுதான் கூப்பிட்டன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பியும் பார்க்காது!

மனிதர்கள் அந்தக் கோயிலை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. தார் ரோட்டோரம் பெரிய கோயில் கட்டிக்கொண்டார்கள். மணி போனது. ஆர்மோனியம் போனது. பெஞ்சுகள் போயின. செல்லரித்த பீடத்தையும், ஆணியில் தொங்கிய ஒரு சின்ன ஓலைப்பெட்டியையும் மட்டும் விட்டுப் போனார்கள். எலியை யார் வண்டியில் ஏற்றுவார்கள்? அதுவும் அங்கேயே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மாசிலாமணிக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். அந்த ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்பாது. அங்கே ஆராதனை நடத்திய பழைய உபதேசியார் அதை விரலால் நெம்பிவிட்டுப் பாட்டைத் தொடருவார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இதையெல்லாம் நினைத்தால் எலிக்குக் கண் கலங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட அது ஏங்கியது பிடியரிசிக்குத்தான். வாரம் முழுக்க, உலை வைக்கும்போதெல்லாம் அந்த ஊர்ப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து ஓலைப்பெட்டியில் கொட்டுவார்கள். அரிசி சலசலவென்று விழும் அந்தச் சத்தம்! அடடா, அந்த எலிக்கு அதைவிட இனிய பாட்டு உலகத்தில் இல்லை.

மனிதர்கள் அங்கே கூடிய கடைசி ஞாயிற்றுக்கிழமை பெட்டி நிறைந்து கொஞ்சம் தரையில் சிந்தியது. மாசிலாமணி ஒவ்வொரு மணியாகப் பொறுக்கியது. பீடத்தடிப் பொந்தில் சேர்த்து, பழைய பாட்டுப் புத்தகத்தின் ஏட்டால் மூடி, மேலே மண் பூசி வைத்தது. அதிலிருந்து ஒரு மணியைக்கூடக் கடிக்கவில்லை. பசித்தால் கோரைக்கிழங்கைத்தான் கொறித்தது. ‘இது அந்த நாளின் அரிசி. இதைத் தொடலாமா!’ என்று நினைத்துக்கொள்ளும்.

அந்த நாள் திரும்பி வரவேண்டும் என்று அதற்கு ஒரே ஆசை. அதனால் வாராவாரம் பீடத்தில் ஏறி அதுவே பிரசங்கம் செய்தது. தொண்டையைக் கனைப்பதில்கூட அசல் பழைய உபதேசியாரேதான். தவளைகள் பாடின. கொக்கு ஒற்றைக்காலில் நின்று ஜெபித்தது. முயல் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கியது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. என்ன குறை என்று எலிக்குப் பிடிபடவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. புல் காய்ந்தது. கறையான்கூட மண்ணுக்குள் ஆழமாய்ப் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை, அன்னப்பழம் என்ற கௌதாரி நொண்டி நொண்டிக் கோயில் வாசலுக்கு வந்தது. கண்ணியில் மாட்டித் தப்பியதில் அதன் கால் வீங்கியிருந்தது.

“உபதேசியாரே! தூரத்து வயலுக்குப் போக எனக்குக் கால் முடியல. நாலு பிள்ளையும் பட்டினி. கடைக்குட்டி கண்ணத் தொறக்கவே மாட்டேங்கான். ஏதாவது இருந்தா குடுங்க!”

மாசிலாமணிக்கு மனசு இளகத்தான் செய்தது. கல்நெஞ்சு இல்லை அது. பொந்து நினைவுக்கு வந்தது. உடனே அந்த நினைவை ஓரமாய்த் தள்ளியது.

“விசுவாசமா இரு, அன்னப்பழம்! ஒனக்காக நான் முழங்கால்ல நின்னு ஜெபிக்கேன்!”

சொன்னபடியே ஜெபித்தது. “கர்த்தாவே, அந்த ஏழைக் கௌதாரிக்கு எங்கேயாவது நாலு தானியத்தைக் காட்டும்!” என்று உருகி உருகிக் கேட்டது. அதன் முழங்காலுக்குக் கீழேதான் அரிசி இருந்தது.

மறுநாள் ஞாயிறு. அன்னப்பழமும் வந்தது. மூன்று குஞ்சுகள் பின்னால் நடந்தன. கடைக்குட்டி தாயின் முதுகில் துவண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் எலி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்தது.

“பிரியமானவர்களே! அந்த நாள் உங்களுக்குத் தெரியாது. தங்கள் பிள்ளைக்கு உலை வைக்குமுன் பசித்தவனுக்கு ஒரு பிடி எடுத்து வைத்தார்கள் பாருங்கள், அதல்லவா விசுவாசம்! இந்தப் பெட்டி எப்படி நிறைந்திருக்கும் தெரியுமா?”

எலியின் குரல் உடைந்தது. கண்ணீர் மீசையில் வழிந்தது. தவளைகளும் விம்மின. கொக்குகூடக் காலை மாற்றி நின்றது.

அப்போது மூத்த கௌதாரிக் குஞ்சு கழுத்தை நீட்டிக் கேட்டது:

“அந்த அரிசி எல்லாம் இப்ப எங்க?”

குஞ்சு கேலிக்குக் கேட்கவில்லை. பசியில் கேட்டது.

எங்கே? அந்த அரிசி எங்கே போயிற்று? மாசிலாமணி யோசித்தது. இத்தனை நாள் மறந்திருந்த ஒன்று அதன் நினைவுக்கு வந்தது. ஆராதனை முடிந்ததும் பழைய உபதேசியார் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டில் கொட்டுவார். மத்தியானத்துக்குள் திரும்பி வந்து வெறும் பெட்டியை ஆணியில் மாட்டுவார். ஒரு வாரம்கூட அந்த அரிசி கோயிலில் தங்கியதில்லை! பெட்டி நிறைந்ததை மட்டும் எலி நினைவில் வைத்திருந்தது. அது காலியானதை மறந்தே போனது.

ஆசீர்வாதம்கூடச் சொல்லாமல் எலி பீடத்திலிருந்து குதித்தது. பொந்துக்குள் ஓடி மண்ணைப் பிறாண்டியது. ஏட்டை இழுத்து எறிந்தது. உள்ளே பார்த்ததும் வீலென்று கத்திவிட்டது.

அரிசி முழுக்க வண்டு! பாதி மாவாய் உதிர்ந்திருந்தது. மீதியில் கறுப்பு கறுப்பாய் வண்டுகள் ஊர்ந்தன. ஒரு வருஷம் காத்துவைத்த பொக்கிஷத்தின் லட்சணம் அது.

“அன்னப்பழம்! என்கிட்ட அரிசி இருந்துச்சு. ஒளிச்சு வச்சுக்கிட்டு ஒனக்கு ஜெபம் மட்டும் குடுத்தேன். இப்ப பாரு, வண்டு விழுந்து கெட்டுப்போச்சு!” என்று எலி ஓவென்று அழுதது.

கௌதாரி எட்டிப் பார்த்தது. அதன் கண் விரிந்தது.

“கெட்டுப்போச்சா? வண்டுன்னா எங்க பிள்ளையளுக்கு உசுரு, உபதேசியாரே! தள்ளுங்க வெளியே!”

மாசிலாமணி இரண்டு கையாலும் வாரி வாரித் தள்ளியது. சலசலவென்று அரிசியும் வண்டும் கோயில் தரையில் விழுந்தன. ஒரு வருஷம் கழித்து அதே சத்தம்! மூன்று குஞ்சுகளும் பாய்ந்து கொத்தின. தாய் ஒரு வண்டை நசுக்கிக் கடைக்குட்டியின் அலகில் வைத்தது. ஒன்று போனது. இரண்டு போனது. மூன்றாவதுக்குக் கடைக்குட்டி ஒரு கண்ணைத் திறந்தது.

பொந்தில் நல்ல மணியாக ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதையாவது ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று எலிக்கு ஓர் ஆசை வந்தது. பழைய குணம் லேசில் போகுமா? கடைக்குட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. எலி ஒரு பெருமூச்சு விட்டு, அந்த மணியை அதன் வாயிலேயே ஊட்டியது.

அடுத்த ஞாயிறு யாரும் வெறும் வாயோடு வரவில்லை. முயல் ஒரு கிழங்கு கொண்டுவந்தது. தவளைகள் ஈ பிடித்து வந்தன. கொக்கு வாயில் மீனோடு வந்ததால் அன்று நீண்ட ஜெபம் செய்யவில்லை, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அன்னப்பழமும் தன் பங்குக்கு நாலு புல்விதை போட்டது. ஓலைப்பெட்டி பாதிகூட நிறையவில்லை. மத்தியானத்துக்குள் அதைப் பசித்த வளைகளிலும் கூடுகளிலும் கொடுத்து முடித்தார்கள். கொக்கு அந்த வெறும் பெட்டியைத் தூக்கி ஆணியில் மாட்டியது.

மாசிலாமணி கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. வெறும் பெட்டி காற்றில் ஆடியது. இத்தனை நாள் ஏங்கிய அந்த நாள் அப்போதுதான் திரும்பி வந்தது. எலி சந்தோஷத்தில் அழுதது, ஆனால் அதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

பசித்தவர் முன்னே கை திறக்காத விசுவாசம், மூடிவைத்த அரிசி போல வண்டு விழுந்துபோகும்.