நாரையின் ‘டக்’

காட்டுக் குளத்தங்கரையில் செவலை என்று ஒரு நாய்க்குட்டி இருந்தது. ஆட்டு மந்தையின் பின்னால் வந்து வழி தவறிய குட்டி அது. ஒரு தட்டான் பறந்தால் போதும், முன்பின் பாராமல் குளத்துக்குள் பாய்ந்துவிடும். அந்தக் குளத்தில் ஒரு முதலையும் இருந்தது.

செவலையைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டது ஒரு நாரை. குட்டி தண்ணீரில் பாயும்போதெல்லாம் நாரை பதறிப்போய்ப் பின்னாலேயே பறந்தது.

“நில்லுன்னா நிக்க இவனுக்குக் கத்துக்கொடுக்கணும். இல்லேன்னா ஒருநாள் முதலை வாயிலதான் போய் நிப்பான்!” என்றது நாரை.

“ரெண்டு அதட்டு போடு, தானா நிப்பான்!” என்றது சேற்றில் கிடந்த எருமை.

நாரை அதட்டிப் பார்த்தது. பாவம், குட்டி பயந்து புதருக்குள் ஒளிந்துகொண்டது. அன்று முழுக்க வெளியே வரவில்லை.

சரி, மீன் கொடுத்துப் பழக்கலாம் என்று நினைத்தது நாரை. “நில்!” என்றது. குட்டி நின்றது. நாரை நிதானமாகத் தண்ணீரில் இறங்கி ஒரு கெண்டையைப் பிடித்து வந்தது. அதற்குள் குட்டி உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது. மீன் கிடைத்தது.

மறுநாள் “நில்!” என்றதும் குட்டி சட்டென்று உட்கார்ந்து காதைச் சொறிந்தது.

“நல்லா சொறிஞ்சேனா, அக்கா?”

எருமை சிரித்த சிரிப்பில் சேறே கலங்கிவிட்டது.

நாரை யோசித்தது. செய்தது சரி என்று குட்டிக்கு அந்த நொடியே தெரிய வேண்டும். மீன் வர நேரமாகும். சத்தம் உடனே வருமே! குட்டியின் நாலு காலும் நின்ற நொடியில், அலகை “டக்!” என்று ஒரே ஒரு முறை தட்டியது. பிறகு மீனைக் கொடுத்தது.

“டக்னா நீ செஞ்சது சரின்னு அர்த்தம். டக் கேட்டா மீன் உண்டு. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது, அக்கா!”

பத்தே நாளில் நில், உட்கார், வா மூன்றையும் குட்டி கற்றுக்கொண்டது. நாரைக்குப் பெருமை தாங்கவில்லை.

கோடை வந்தது. குளம் வற்றி மீன்கள் குறைந்தன. ஒருநாள் நாரை “டக்!” என்றது. பிடித்த மீனைத் தானே விழுங்கிவிட்டது.

“அக்கா, மீன்?”

“நல்லாப் பழகினவனுக்கு எதுக்குடா தினமும் மீன்?”

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. நாலாம் நாள், தட்டானைத் துரத்திய செவலை “நில்!” என்ற சொல்லுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல வேளை, முதலை அக்கரையில் தூங்கிக்கொண்டிருந்தது.

“நன்றி கெட்டவன்! கத்துக்கொடுத்ததை மறந்துட்டான்!” என்று நாரை கத்தியது.

“அவன் ஒண்ணும் மறக்கலை. டக் கேட்டா மீன் உண்டுன்னு சொன்னவதான் மறந்துட்டா!” என்றது எருமை.

நாரைக்குச் சுருக்கென்றது. அன்று கிடைத்த ஒரே மீனையும் குட்டிக்கே கொடுத்தது. அதன்பின் ஒரு டக்கையும் அது வெறுமனே விடவில்லை. பல நாள் அரை வயிறுதான்.

ஒரு காலை, கரையோரம் ஒரு மரக்கட்டை மிதந்தது. அதன்மேல் ஒரு தட்டான் உட்கார்ந்திருந்தது. செவலை அதை நோக்கிப் பாய்ந்தது.

கட்டைக்குக் கண் இருப்பதை நாரை பார்த்துவிட்டது.

“நில்!”

குட்டி நின்றது. தூக்கிய ஒரு கால் அப்படியே அந்தரத்தில் இருந்தது. அடுத்த நொடி முதலை பாய்ந்தது. ஒரு சாண் தூரத்தில், வெறும் காற்றைக் கடித்து அதன் வாய் மூடியது.

“டக்!”

செவலை வாலை ஆட்டிக்கொண்டு நாரையிடம் ஓடிவந்தது.

“அக்கா! டக் கேட்டுச்சு! மீன் எங்கே?”

நாரை குட்டியைச் சிறகால் அணைத்துக்கொண்டது.

“அட மக்கு! அது முதலை வாய்டா!”

“டக் கேட்டா மீன் உண்டுதானே?”

நாரைக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தன் பசிக்கென்று காலடியில் வைத்திருந்த மீனை எடுத்துக் குட்டியின் வாயில் போட்டது.

தன் சொல்லைப் பிறர் கேட்க வேண்டும் என்று நினைப்பவர், முதலில் தாம் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.