மைனாவுக்குச் சொந்தச் சொல் இல்லாமல் போன கதை

அந்தக் காலத்தில் பறவைகள் எல்லாம் பேசும். பேசி என்ன பிரயோஜனம்? பேச்சில் பாதி புரளி, மீதி கேலி. அந்தக் கேலியை எல்லாம் கிளப்பி விடுவது மைனாதான்.

ஏரிக்கரையை ஒட்டி ஓர் இலுப்பை மரம். அதன் பொந்தில் மைனாவுக்கு இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள். பொழுது சாய்ந்தால் குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டு மைனா கரைக்குப் பறந்து வரும். காகம், கொக்கு, புறா, தவிட்டுக்குருவி எல்லாம் அதன் வாயைப் பார்த்தபடி காத்துக் கிடக்கும். புதுச்சொல் கட்டுவதில் மைனாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ‘ஒட்டுப்பசி’ என்றது ஒருநாள். அடுத்தவன் வாயில் புழுவைப் பார்த்ததும் வருகிற பசியாம். காகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் சிரித்தார்கள். ‘ஈரத்தவம்’ என்றது இன்னொரு நாள். மீன் வரும்வரை மட்டும் சாமியாராக நிற்பதாம். கொக்குக்கு முகம் சுண்டிப்போனாலும் அதுவும் சிரித்து வைத்தது. சிரிக்காவிட்டால் அதற்கும் மைனா ஒரு சொல் கட்டிவிடுமே!

அந்தக் கரைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காவலுக்கு நிற்கும் ஆள்காட்டிக் குருவி கத்தினால், வாயில் இருக்கும் இரையையும் போட்டுவிட்டு எல்லாரும் கூடிவிட வேண்டும். கூட்டமாய் அலறிக் கொத்தினால்தான் பாம்பு மரத்தை விட்டு இறங்கும். ஒன்றிரண்டு பேரால் ஆகிற காரியமில்லை.

ஒருநாள் ஆள்காட்டி ‘தித்தித்தூ’ என்று கத்த, எல்லாரும் விழுந்தடித்து ஓடினார்கள். போய்ப் பார்த்தால் காய்ந்த கொடி. ஆள்காட்டி கூனிக் குறுகி நின்றது, பாவம். அத்தோடு விட்டிருக்கலாம். மைனாவுக்கு நாக்கு சும்மா இருக்குமா?

“இன்னைக்குப் புதுச்சொல்லு ‘தித்தூ’. அப்படின்னா, இல்லாத பாம்புக்கு ஊரைக் கூட்டுறது.”

கரையே குலுங்கியது. அப்புறம் புறா தும்மினாலும் தித்தூ, தவளை குதித்தாலும் தித்தூ. ஆள்காட்டி தனியாக வந்து, அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடும்படி மைனாவைக் கெஞ்சியது. தன்னைக் கேலி செய்தால் பரவாயில்லை, நாளைக்கு நிஜமாகவே கத்தும்போது யார் வருவார்கள் என்று கேட்டது. விளையாட்டுக்குச் சொன்னதற்கெல்லாம் இப்படி மூஞ்சியைத் தூக்கலாமா அக்கா என்று மைனா அதையும் சிரிப்பாக்கி அனுப்பிவிட்டது.

சில நாள் கழித்து, கரையில் பேச்சு களைகட்டியிருந்த நேரம், இலுப்பை மரத்துப் பக்கமிருந்து ஆள்காட்டி கத்தியது. காகம் உடனே ‘தித்தூ’ என்றது. எல்லாரும் சிரித்தார்கள். மைனாவுக்கு மட்டும் பொந்தில் கிடக்கும் குஞ்சுகள் நினைப்பு வந்தது. பறக்கத்தான் இறக்கையை விரித்தது. ஆனால் எல்லார் கண்ணும் தன்மேல் இருந்தது. தான் கட்டிய சொல்லுக்குத் தானே பயந்து ஓடினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? இறக்கையை மடக்கிக்கொண்டு அதுவும் சிரித்தது. அந்தப் பாழாய்ப்போன சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கத்தல் ஓயவில்லை. அதற்குமேல் மைனாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பறந்து போய்ப் பார்த்தால், ஒரு சாரைப்பாம்பு பொந்துக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தது. ஆள்காட்டி ஒற்றை ஆளாய் அதன் வாலைக் கொத்திக்கொண்டிருந்தது. மைனா கரையைப் பார்த்து அலறியது.

“சாரை, நிஜமாவே சாரை! எல்லாரும் வாங்க, எம்புள்ளைங்க!”

கரையிலிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது. மைனா என்னமாய் நடிக்கிறது என்று கொக்கு மெச்சிக்கொண்டதாம்.

இருட்டுவதற்குள் பொந்து காலி. அப்புறம் எல்லாரும் வந்தார்கள். வந்து என்ன? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்தார்கள். எதற்கெடுத்தாலும் மைனா சொல் கொடுத்தே பழகியவர்களுக்குத் துக்கம் விசாரிக்கக்கூட வாய் வரவில்லை. கடைசியில் புறா தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல மனசோடுதான் கேட்டது.

“இதுக்கு என்னன்னு சொல்றது தாயி? நீயே ஒண்ணு கட்டிக் குடேன்.”

மைனா வாயைத் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு புறாவின் குரலிலேயே, “நீயே ஒண்ணு கட்டிக் குடேன்” என்றது.

அதற்குப் பிறகுதான் மைனா சொந்தமாக ஒரு சொல்லும் கட்டாமல், யார் எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கூண்டில் அடைத்து வளர்க்கிறவர்கள் அதைக் கேட்டு இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.